யாரையும் கூப்பிட மாட்டேன்

கடல் என்றால் எனக்குப் பயம். என்னிடம் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடாமல் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டேன். என் ஊர் உள்ளே தள்ளி, தேரிக்காட்டுப் பக்கம். கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண்ணும் பனையும்தான். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. குடும்பத்தோடு திருச்செந்தூர் போனால் எல்லோரும் கடலில் முழுகுவார்கள். நான் மட்டும் துணிப்பைகளுக்குக் காவல் என்று சொல்லி மணலிலேயே உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்ததோ தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் மீன் பிடிக்கிற வீட்டிலிருந்தும் சங்கு குளிக்கிற வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குத் 'துணிவு' என்று நான் பாடம் எடுத்தேன். கூத்துதான். பாடத்துக்காக ஒரு தடவை கரைக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். அதையும் வெயில், மழை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி வருஷா வருஷம் தட்டிக் கழித்துவிடுவேன்.

இந்தத் துணிவுப் பாடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கணக்கும் தமிழும் மட்டும் போதாது, படிக்கிறவனுக்கு வேண்டிய குணங்களையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் முடிவானது. எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஆளுக்கு எட்டு அட்டை கொடுத்தார்கள். ஆர்வம், விடாமுயற்சி, பொறுமை, துணிவு என்று ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு பெயர், பின்பக்கம் பொடி எழுத்தில் விளக்கம். "ஏழாம் வாய்ப்பாடே நாக்குல வரமாட்டேங்குது, இதுல குணம் வேறயாக்கும்" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்தான்.

ஆனால் ஒரு அட்டை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. 'தானே செய்தல்.' முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்க டீச்சர் டீச்சர் என்று பிடுங்கி எடுக்கும் வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டு சொல் எவ்வளவு இனிக்கும் என்று தெரியும். எட்டு அட்டைகளையும் பசை தடவிச் சுவரில் அழுத்தி ஒட்டினேன். பின்பக்கம் சுவரோடு போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசித்திருக்கவில்லை. வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை அட்டையைப் பிள்ளைகளுக்கென்றுதானே கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு வரிசை. யார் உதவியும் இல்லாமல் ஒரு வேலையை முடித்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். இது பயிற்சியில் சொன்னது. உதவி கேட்டால் ஒட்டிய நட்சத்திரத்தில் ஒன்றைப் பிய்த்துவிடுவேன். இது நானாகச் சேர்த்தது. இரண்டே வாரத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பிள்ளைங்களுக்கு என்ன மருந்து குடுத்திய?" என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த விதியில் அதிகம் அடிபட்டது ஒரு பெண் பிள்ளை. எட்டு வயது. அப்பா சங்கு குளிக்கிறவர், அம்மாவுக்கு இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. கேள்வி கேட்கவே பிறந்தவள். "டீச்சர், எத்தன விரல் விட்டுக் கோடு போடணும்? டீச்சர், இதுக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா? டீச்சர், இந்த டப்பா தொறக்க வரல்ல." ஒரு நாள் எனக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. அவள் நாலாவது தடவை எழுந்து நின்றாள். "ஏளா, உனக்கு வாயே ஓயாதா? ஒனக்கே முடியும், செய்யி" என்று கத்திவிட்டு, எல்லோரும் பார்க்க அவளுடைய மூன்று நட்சத்திரத்தையும் பிய்த்தெடுத்தேன். அவள் அழவில்லை. சுவருக்கு வந்து, பசை மிச்சம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. 'நல்ல முன்னேற்றம்' என்று அவள் அறிக்கை அட்டையில் எழுதினேன்.

விடாமுயற்சிக்கு என்று ஒரு வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சொன்னேன். "ஆளுக்கு ஒரு வேலைய எடுத்துக்கிடுங்க. எடுத்த வேலைய முடிக்காம விடக் கூடாது. ஒருத்தரையும் உதவிக்குக் கூப்பிடக் கூடாது. திங்கக்கிழம வந்து எங்கிட்டச் சொல்லணும்." என்ன வேலை என்று எல்லோரும் நோட்டில் எழுதித் தந்தார்கள். முப்பத்தெட்டு நோட்டிலும் சாப்பாட்டு வேளையில் ஒரு கையால் தயிர்சாதம் தின்றபடி மறு கையால் கையெழுத்துப் போட்டு முடித்தேன். நாலு மணிக்குப் பள்ளி விட்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்பதால் நான் மட்டும் இருந்து சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரை மணி இருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் நின்றாள். கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள். ஐஸில் ஊறிய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"டீச்சர், எம்பிள்ள இங்கன நிக்காளா?"

"நாலு மணிக்கே விட்டாச்சே. வீட்டுக்கு வரலயா?"

"வரல்லயே டீச்சர். எங்க தங்கச்சி வீட்லயும் இல்ல, கோயில்லயும் இல்ல. அவ அப்பாவும் கரையில தேடுதாரு. மாதாவே, நான் எங்கன போயித் தேடுவேன்?"

"எங்கயாவது விளையாடிட்டு இருப்பா, வந்துருவா" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொல்லி முடிக்கும்போதே என் கண் மேஜை மேலிருந்த நோட்டுக் கட்டுக்குப் போயிற்று. அந்தப் பிள்ளையின் நோட்டைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

'நான் ஓடை வாய்க்குப் போய் நூறு ஊரி பொறுக்குவேன். பத்துப் பத்தாகக் கட்டுவேன். முடிக்காமல் வர மாட்டேன். யாரையும் கூப்பிட மாட்டேன்.'

ஊரி என்றால் கரையில் ஒதுங்குகிற சின்னச் சின்னச் சங்கு. நூறு ஊரியைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அந்த நாலு வரிக்கும் கீழே சிவப்பு மையில் என் எழுத்து. 'மிக நன்று.' பக்கத்தில் ஒரு நட்சத்திரம், என் கையெழுத்து. கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. பிள்ளை எங்கே என்று தெரியாத நேரத்தில், என் கையெழுத்தைப் பற்றி நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நோட்டை மூடிக் கைப்பையில் திணித்துக்கொண்டு, "ஓட வாய்க்குப் போயிருக்கா" என்றேன்.

அம்மாவின் முகம் மாறியது. "ஓட வாய்க்கா? அங்கன சேறுல்லா டீச்சர்! இப்பத் தண்ணி வேற ஏறுற நேரம்!" சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஒன்பது வருஷம் அந்தத் தெருவில் வேலை பார்த்தும் ஓடை கடலில் சேரும் இடம் எது என்று எனக்குத் தெரியாது. அவள் சேலையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். முருகா, முருகா என்று நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை, எட்டு வயதுப் பிள்ளை என்று மனசு இன்னொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. என் கையில் பசைப் பிரஷ் அப்படியே இருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஓடை வாயில் கரையோரம் ஐந்தாறு பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அந்தத் தெரு ஆட்கள்தான். அவர்களுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் சேறு, அதற்கு மேல் கலங்கிய தண்ணீர், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். தண்ணீருக்குள் ஒரு பைபர் படகு கட்டிக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. இரட்டைச் சடை, எங்கள் பள்ளிப் பச்சை ரிப்பன்.

தண்ணீர் அவள் மார்புக்கு வந்திருந்தது. இரண்டு காலும் தொடை வரைக்கும் சேற்றில். கையிரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அம்மா போட்ட சத்தம் அந்தக் கரை முழுக்கக் கேட்டிருக்கும். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

அதற்குள் பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். கரையில் கிடந்த ஐஸ் பெட்டி மூடியை எடுத்தார். ஒரு கயிற்றை இடுப்பில் கட்டினார். வலைக்காரர்களில் மூன்று பேர் கயிற்றைப் பிடிக்க ஓடி வந்தார்கள். அந்த அவசரத்திலும் அவர் அவர்களைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்ற ஒருவரைத் தேடினார். "மச்சான், நீ பிடிடே" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தார். பிள்ளையின் அம்மாவுக்குத் தம்பி; அவரும் வலை பொத்திக்கொண்டிருந்தவர்தான். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கும்போது மேலே கயிறு பிடிக்க மச்சினனைத்தான் விடுவார்களாம். அக்கா தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் என்று. இதைப் பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு ஏன் நேரத்தைக் கடத்துகிறார் என்று கோபம்தான் வந்தது.

மூடியைச் சேற்றில் போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் தள்ளித் தள்ளிப் போனார். நின்றால் அவரும் புதைந்துவிடுவார். பிள்ளையை எட்டுவதற்குள் தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தானா, நிஜமா தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் பயமாக இருந்தது, திறந்தேன். அவர் அவள் அக்குளில் கையைக் கொடுத்துக் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டினார். "மச்சான், இழு!" என்றார். மச்சினன் மூன்று ஆள் பலத்தில் இழுக்கக் கயிறு வந்தது. மூடி வந்தது. அதன் மேல் அவர் வந்தார். அவருக்கு அடியில் பிள்ளை வந்தாள்.

அம்மா அவளை வாரி எடுத்தாள். அடித்தாள், முத்தமிட்டாள், மறுபடி அடித்தாள். ஊரி கிழித்துப் பாதமெல்லாம் ரத்தம். உதடு நீலமாகிப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. வலைக்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "பிள்ள ரொம்ப நேரமா அங்கன நிக்கத்தான் செஞ்சா. படகு மறச்சதுல தண்ணி ஏறினது தெரியல, ஊரி பொறுக்குதான்னு நெனச்சோம். எங்களப் பாத்து ஒரு கை ஆட்டலயே, ஒரு சத்தம் போடலயே. கூப்பிடு தூரத்துலதானே இருந்தோம்!"

"ஏட்டி, மாமனக் கூப்பிட்டா என்ன? ஏன்டீ கூப்பிடல?" என்று அம்மா அவளை உலுக்கினாள்.

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். பையை என் பக்கம் நீட்டினாள்.

"எண்பத்தாறு டீச்சர். நான் யாரையும் கூப்பிடல."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் காலில் மருந்து வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் கேள்விகள் விடவில்லை. ஐந்து நிமிஷம் பிந்தியிருந்தால்? அம்மா அன்றைக்கு ஓவர்டைம் பார்த்திருந்தால்? நோட்டு ஞாபகம் எனக்கு வராமல் போயிருந்தால்? வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அவள் அப்பாதான் வந்துவிட்டார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெட்டினாலும் குத்தினாலும் தகும் என்று ஒரு பக்கம். வேலை போய்விடுமோ என்று இன்னொரு பக்கம்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அவர் வந்தார். வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய். பிள்ளை பக்கத்தில் நின்றாள், காலில் கட்டு. நான் அவர் வாயைத் திறக்க விடவில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். சிவப்பு மைக்கு வந்தபோது விரல் நின்றது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "சங்கு குளிக்கப் போறவன் மொதல்ல என்ன படிப்பான்னு நெனைக்கிய?"

"மூச்சடக்க."

"இல்ல. கயித்த இழுக்க. வாயில காத்துக் குழாய வச்சிட்டு அடியில போனா பேச முடியாதுல்லா. ஒரு இழுப்புன்னா பை நிறஞ்சிட்டு. ரெண்டுன்னா மேல வாரேன். விடாம இழுத்தா எனக்கு முடியல, தூக்குன்னு அர்த்தம். இத நல்லாப் படிச்ச பொறவுதான் எங்கள எறக்கியே விடுவாவ." அவர் குரல் ஏறவே இல்லை. "கயித்த இழுக்க வெக்கப்பட்டவன் எங்க தெருவுல ஒருத்தன் இருந்தான். எங்கூடப் பிறந்தவன்தான். இப்ப இல்ல."

நோட்டை மூடி என்னிடமே நீட்டினார். "நீங்களே வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் இரும்பு ஸ்கேலை வைத்து 'தானே செய்தல்' அட்டையைச் சுவரிலிருந்து நெம்பி எடுத்தேன். சுண்ணாம்பு அடையாக ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது. முதலில் தானே முயல வேண்டும், முடியாதபோது தகுந்த ஆளிடம் கேட்க வேண்டும், கேட்பதும் படிப்புதான். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற தமிழ்.

மத்தியானம் வகுப்பில் சொன்னேன். "டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். உதவி கேட்டா இனிமே நட்சத்திரம் போகாது. கேக்கணும். சத்தமாக் கேக்கணும்." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு நாளில் பழைய இரைச்சல் திரும்பிவிட்டது. டீச்சர் டீச்சர் என்று முப்பத்தேழு பிள்ளைகள் என்னைப் பிய்த்துத் தின்றார்கள். அந்த இரைச்சல் என் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அவள் மட்டும் கேட்கவில்லை. டப்பாவைப் பல்லால் கடித்துத் திறந்தாள். பையின் ஜிப் சிக்கினால் அரை மணி நேரம் அதோடு போராடினாள். பக்கத்தில் போய், "கொண்டா நான் திறக்கேன்" என்பேன். "எனக்கே முடியும் டீச்சர்" என்பாள், மரியாதையாக. நான் சொன்ன அதே சொல். ஓடை வாயில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டது கண் முன்னால் வந்துவிடும். இந்தப் பிள்ளை நாளைக்கு எங்கே எதில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருந்தும் கூப்பிடாமல் நிற்கப் போகிறாளோ என்று நினைத்தால் எனக்கு உடம்பு பதறும். நட்சத்திரத்தைப் பிய்க்க ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. திருப்பி ஒட்ட எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. கரைக்குக் கூட்டிப் போகும் பாடம் வந்தது. இந்த வருஷம் நான் சாக்குச் சொல்லவில்லை. கூட நாலு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள்; காலை வேளை, கால் நனைகிற தண்ணீர்தான். பிள்ளைகள் சிப்பிக்கும் நண்டுக்கும் ஓடினார்கள். நான் காய்ந்த மணலில் நின்றேன். அவள் எனக்குக் கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றாள். அவளும் தண்ணீருக்குப் போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சங்கு குளிக்கிறவர் மகள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவளிடம் போனேன். "ஏளா, ஒரு உதவி செய்வியா? எனக்குக் கடல்னா பயம். தண்ணி கிட்டப் போகணும், தனியா முடியல. கையப் பிடிச்சுக்கிடுதியா?"

இதுவும் ஏதாவது பரீட்சையோ என்று என் முகத்தையே பார்த்தாள். நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பாமலே நிற்பதையும் பார்த்திருப்பாள். அது நடிப்பில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்தோம். முதல் அலை காலைத் தொட்டபோது நான் "முருகா!" என்று அலறிவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது அலை வந்து போனது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்கும் பயமா இருந்துச்சு டீச்சர்."

"தெரியும்ளா" என்றேன்.

"மாமனக் கூப்பிடணும்னுதான் இருந்துச்சு. வாயத் தொறந்தேன். பொறவு மூடிக்கிட்டேன்."

மூன்றாவது அலை பெரிதாக வந்தது. முழங்கால் வரை ஏறி, காலுக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போயிற்று. அவள் இன்னொரு கையாலும் என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர்!" என்று கத்தினாள். கரையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "டீச்சர், என்ன விட்ராதிய!"

"விட மாட்டேன்" என்று நானும் கத்தினேன்.